நாற்பத்து நான்காவது இடம்

ஆதிமூலம் இறந்து ஒன்பது வருடம் கழித்து, அவர் நாற்பத்து மூன்று இடங்களில் குற்றத்தோடு சேர்ந்து காணப்படுவதாக வேங்கிக்காலிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

கடிதம் அவருடைய மகன் பலராமனுக்கு வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஜோதியம்மாளுக்கு வந்தது. அந்த அம்மாள் அதை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பலராமன் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. கல்லை மூடித்தான் வெச்சிருக்கேன். யாரும் பாக்கல."

கீழ்பென்னாத்தூருக்கு மேற்கே நாலு மைலில் இருக்கும் அந்த ஊரில், பள்ளிக்கூடத்துக்கென்று நாற்பது சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்தவர் ஆதிமூலம். அந்த நிலத்தில் இப்போது இரண்டு வகுப்பறைகள் எழும்பியிருந்தன. வாசலில் பதித்த கருங்கல்லில் 'ஆதிமூலம் நினைவு வகுப்பறைகள்' என்று வெட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பந்தல்காரனுக்குச் சொல்லியாயிற்று. இந்த நேரத்தில் கடிதம் இப்படிச் சொன்னது:

'பொதுக் கட்டடங்களில் பொறிக்கப்படும் பெயர்கள் அனைத்தும் நீதிச்சுடர் கணினித் தேடலுக்கு உட்பட்டவை. ஆதிமூலம் என்ற பெயர் தேடப்பட்டதில் 43 இடங்களில் கிடைத்தது. 43 இடங்களும் குற்றம் தொடர்பானவை. விடுதலை பற்றிய குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு ஆவணம் அளிக்கத் தவறினால், கல்லில் வேறு நல்ல பெயர் ஒன்றைப் பொறித்துக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.'

பலராமன் இரண்டு முறை படித்தார். அறுபத்திரண்டு வயதில் அவருக்கு முதுகு வளையவில்லை, அன்றைக்கும் வளையவில்லை. கடிதத்தை மடித்து ஜோதியம்மாளிடமே கொடுத்தார்.

"அந்தக் கேஸு முடிஞ்சிடுச்சு டீச்சரம்மா. தொண்ணூத்திரண்டுலயே விடுதலை."

"ஊருக்கே தெரியுங்க. அவங்களுக்குக் காகிதம் வேணுமாம்."

காகிதம் இல்லை. இல்லாததற்குக் காரணம் ஆதிமூலத்தின் ரோஷம்.

1990-இல் ஆதிமூலம் ஏரிச் சங்கத்துத் தலைவராக இருந்தார். ஏரித் தண்ணீர் எந்த நாளில் யார் வயலுக்குப் போக வேண்டும் என்று எழுதிய முறைப் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பதிவேட்டில் ஒரு பெயரை அவர் புகுத்திவிட்டார் என்று புகார் எழுந்து, வழக்காகி, இரண்டு வருடம் நடந்தது. கடைசியில், அந்த எழுத்து அவருடையதே இல்லை என்று நீதிபதி விடுதலை செய்தார். அன்றைக்கு நீதிமன்றக் குமாஸ்தா தீர்ப்பு நகலுக்கு மனு எழுதவா என்று கேட்டபோது ஆதிமூலம் சொன்ன பதில் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம்:

"அந்தப் பேரை நான் எழுதலன்னு எனக்குத் தெரியும். இப்ப ஜட்ஜுக்கும் தெரிஞ்சிடுச்சு. அப்புறம் காகிதம் யாருக்கு?"

பலராமன் இந்த வாக்கியத்தைப் பதிமூன்று வருடம் பெருமையோடு சொல்லி வந்தார். 2005-ஆம் வருடம் பிப்ரவரி மாதம் அந்தத் திங்கட்கிழமை காலை பத்தேகால் மணியோடு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் போனார். நீதிச்சுடர் சட்ட ஆவணத் தேடல் மையம் புதுக் கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே கணினிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மேலே ஒரு மல்லிகைச் சரமும் போட்டிருந்தார்கள். பொதுமக்கள் அதைத் தொடக் கூடாது. தேடல் சீட்டு என்று ஒன்று தருவார்கள். அதில் மூன்று கட்டங்கள். தேடும் சொல், ஆண்டு, தேடப்படுபவருக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவு. அதை நிரப்பிக் கொடுத்தால் ஆர்த்தி என்கிற பெண் தட்டச்சு செய்து, திரையில் வருவதை உரக்கப் படிப்பாள். உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி, வெளிப்படைத் தன்மைக்காக.

பலராமன் எழுதினார். ஆதிமூலம். 1992. தந்தை.

ஆர்த்தி தட்டினாள். தொலைபேசிக் கம்பி வழியாக அந்தச் சொல் சென்னைக்குப் போய்த் திரும்பிவர ஏழு நிமிடமாயிற்று.

"நாப்பத்து மூணு எடம் இருக்குதுங்க ஐயா. முதல் எடம்." அவள் படித்தாள். "'ஆதிமூலம் என்பவர் தம் பதவியைத் தவறாகப் பயன்படுத்தி...'"

"இது புகாரு. கடைசிக்குப் போம்மா."

"கடைசிக்குப் போக முடியாதுங்க. 'அடுத்து'ன்னு ஒரே பட்டன்தான். அதை அமுக்கினா அந்தப் பேரு அடுத்து எங்க வருதோ அங்க போவும்."

அமுக்கினாள். 'ஆதிமூலம் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றதைத் தான் பார்த்ததாகவும்...' அமுக்கினாள். 'ஆதிமூலத்தின் உறவினருக்கு மூன்று நாள் தண்ணீர் கூடுதலாக...' அமுக்கினாள். பின்னால் பெஞ்சில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது இடத்தில் அவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்கள். இருபதாவது இடத்தில் ஒருவர், "யாருப்பா இந்த ஆதிமூலம், படா கில்லாடியா இருப்பான் போல" என்றார். பலராமன் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்து நேராக உட்கார்ந்து, தன் தகப்பனார் நாற்பத்து மூன்று விதமாகக் களவு செய்ததைக் கேட்டார். நாற்பத்து மூன்றாவது இடம் அரசு வக்கீலின் வாதம். 'ஆகவே ஆதிமூலம் தண்டனைக்குரியவர்.'

"அடுத்து" என்றார் பலராமன்.

ஆர்த்தி அமுக்கினாள். "'ஆதிமூலம் என்பவர் தம் பதவியைத் தவறாகப் பயன்படுத்தி...' முதல் எடம் வந்துடுச்சுங்க ஐயா. சுத்தி வந்துட்டோம்."

"ஒரு எடம் பின்னால போம்மா. அந்த அரசு வக்கீலு பேசினதுக்குக் கீழ என்ன இருக்குதுன்னு பாக்கணும்."

"பின்னால போற பட்டன் கிடையாதுங்க. மறுபடியும் நாப்பத்து ரெண்டு தடவை அமுக்கணும்."

மறுபடியும் அமுக்கத் தொடங்கினாள். முப்பத்தெட்டாவதில் கணினி நின்றுபோயிற்று. உள் அறையில் இயக்குநர் யாருக்கோ போன் செய்கிறார் என்று அர்த்தம். போனும் கணினியும் ஒரே கம்பி. அவர் பேசி முடிக்க நாற்பது நிமிடமாயிற்று. நீதிச்சுடரின் வேகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்கள். நாற்பத்து மூன்றாவதில் நின்று பார்த்தபோது திரை அந்த வாதத்தோடு முடிந்திருந்தது, அதற்குக் கீழே எதையும் காட்டவில்லை.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த பச்சையம்மாள் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். "துன்னுங்க. மொதல் நாளு அப்படித்தான் இருக்கும்."

"நீங்க எத்தினி நாளா வர்றீங்க?"

"பத்து மாசமா. எங்க வூட்டுக்காரரு செத்துட்டாருன்னு கோர்ட்டே தீர்ப்பு குடுத்துடுச்சு. இங்க இன்னும் சாட்சி சொல்லிக்கினு இருக்காரு."

புதன்கிழமை பலராமன் யோசித்து, ஆண்டுக் கட்டத்தை விட்டுவிட்டு, வேறு சொல் எழுதினார். 'விடுதலை'. பதினெட்டாயிரம் இடங்கள் வந்தன. முதல் இடம் ஒரு பஸ் டிரைவர். இரண்டாவது இடம் மாடு திருடியவர். எல்லோரும் விடுதலையாகியிருந்தார்கள். பதினெட்டாயிரம் பேர் விடுதலையான மாவட்டத்தில் தன் தகப்பனார் மட்டும் எங்கே மாட்டிக்கொண்டார் என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். 'ஆதிமூலம் விடுதலை'.

ஏழு நிமிடம். ஆர்த்தி திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"படிம்மா."

"'ஆதிமூலம், விடுதலை: இவை இரண்டும் சேர்ந்து எங்கும் காணப்படவில்லை.'"

பெஞ்சில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பலராமன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றார்.

இயக்குநர் சக்கரவர்த்தி ஐம்பது வயதுக்காரர். நெற்றியில் பட்டை. பின் சுவரில் மூன்று பாராட்டுப் பத்திரங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. நாற்காலியைக் காட்டினார். பலராமன் உட்கார்ந்ததும், எதற்காக வந்தீர்கள் என்று கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"பெரியவரே, பழைய காலத்துல ஒரு தீர்ப்பு வேணும்னா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் படிக்கணும். எவ்வளோ காலவிரயம்! நீதிச்சுடர்ல அந்தத் தொல்லையே கிடையாது. இங்க யாராலயும் எந்தத் தீர்ப்பையும் முழுசாப் படிக்க முடியாது. இந்த மாவட்டத்துக்கு நாங்க செஞ்ச சேவை அது."

"எனக்குக் கடைசிப் பக்கம் மட்டும் போதுங்க."

"பக்கம்னு ஒண்ணு இங்க இல்லீங்களே. மொதல்ல 'அடுத்த பக்கம்'னு ஒரு பட்டன் இருந்துச்சு. ஜனங்க அதையே அமுக்கிக்கினு இருந்தாங்க. தேடவே மாட்டேங்கறாங்க, படிக்கறாங்க. எடுத்துட்டோம்."

"பின்னால போற பட்டன்?"

சக்கரவர்த்தியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"மெட்ராஸ் கம்பெனிக்காரன் குடுத்துத்தான் இருந்தான். நான்தான் தூக்குன்னேன். இது எந்த ஊரு? அண்ணாமலையை இடமா சுத்தற பழக்கம் நமக்கு உண்டா? வலமாத்தான் சுத்துவோம். பாதி வழியில அடி அண்ணாமலை வரைக்கும் போயிட்டு, கால் வலிக்குதுன்னு யாராவது வந்த வழியே திரும்பறாங்களா? சுத்தி முடிச்சா ஆரம்பிச்ச எடம் தானா வரும். ஆவணத்துக்கும் அதே மரியாதை. அதோ, நடுவுல மாட்டியிருக்கே, அந்தப் பாராட்டுப் பத்திரம் அதுக்குத்தான்."

பலராமன் அதைப் பார்த்தார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றியவர் அவர். மலை அவரை இப்படி அவமானப்படுத்தியதில்லை.

"எங்கப்பா விடுதலையானவருங்க. உங்க மெஷினு தப்பு சொல்லுது."

"மெஷினு தப்பே சொல்லாது. நீங்க பேரைக் கேட்டீங்க. பேரு எங்கெல்லாம் இருக்குதோ அங்கெல்லாம் உங்களைக் கூட்டிக்கினு போச்சு. இல்லாத எடத்துக்கு எப்படிக் கூட்டிக்கினு போகும்? அது நேர்மையான மெஷினு."

"அப்ப பழைய கட்டைப் பிரிச்சுப் பாத்துடலாங்க. பதிவறையில இருக்குமே."

"கட்டெல்லாம் கணினியில ஏத்தினதும் அழிச்சாச்சு. வெச்சிருந்தா ஜனங்க அதையும் இதையும் ஒத்துப் பாப்பாங்க. வித்தியாசம் தெரியும். வீண் குழப்பம்." அவர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். "திருத்த மனு போடுங்க. தொண்ணூறு நாள்ல முடிவு."

"நாளை மறுநாள் கல் திறக்கறாங்க."

"கல்லைத் தொண்ணூறு நாள் மூடி வெக்கறதுல என்ன கஷ்டம்? அது கல்லுதானே?"

பலராமன் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆர்த்தி தண்ணீர் குடிக்க வருகிறவள்போல் பின்னால் வந்தாள். ஒப்பந்த வேலைக்காரி. இரண்டு வருடமாக அந்தத் தீர்ப்புகளையெல்லாம் கையால் தட்டிக் கணினியில் ஏற்றியவர்களில் அவளும் ஒருத்தி. தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஐயா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. புகாரு, சாட்சி, வாதம் எல்லாத்துலயும் பேரு இருக்கும். கடைசியில தீர்ப்பு சொல்லும்போது ஜட்ஜுங்க பேரை எழுத மாட்டாங்க. 'முதல் எதிரி'ன்னு எழுதுவாங்க. கோர்ட்டு வழக்கம் அது, குத்தம் சாட்டப்பட்டவங்களை அப்படித்தான் போடுவாங்க. நீங்க பேரை வெச்சுத் தேடற வரைக்கும் அந்த எடம் வரவே வராது."

"அதுக்கு?"

"பேரை வுட்டுட்டு, 'முதல் எதிரி'ன்னு சீட்டுல எழுதிக் குடுங்க."

பலராமன் செருப்பை மாட்டிக்கொண்டார். வேங்கிக்காலிலிருந்து பஸ் நிலையம் வரை பஸ் ஏறாமல் நடந்தே போனார்.

வீட்டில் மனைவி சரசு சோறு போட்டுவிட்டுக் கேட்டாள். "நாளைக்கு எத்தினி மணிக்குப் போறீங்க?"

"போகல."

"ஏன்?"

"அவரை எதிரின்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. கீழ உறவுன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல தகப்பனாருன்னு எழுதணும். என் கையால." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "நாப்பது சென்ட் குடுத்த மனுஷன். அந்தப் பேரைச் சொன்னா ஏரிக்கரையில ரெண்டு சாதி சண்டை நிக்கும். அந்தப் பேரை எடுத்துட்டு இதை எழுதறதுக்கு, கல்லைப் பேத்து ஏரியில போட்டுடலாம்."

சரசு மோரை ஊற்றினாள். அவள் அவசரப்படுகிறவள் இல்லை.

"நான் இந்த வூட்டுக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆவுது. மாமனாரு பேரை ஒரு நாளும் வாயால சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கறவங்களைச் சொல்லச் சொல்லுவேன். 'பெரியவரு'ம்பேன், 'அவங்க'ம்பேன். கடைசிக் காலத்துல பத்து மாசம் படுக்கையில கெடந்தாரு, நான்தான் பாத்தேன். அப்பவும் சொன்னதில்ல." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பேரைச் சொல்லாததால அவரு யாருன்னு எனக்குத் தெரியாமப் போச்சா?"

பலராமன் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஜட்ஜும் என்னை மாதிரிதான். பேரைச் சொல்லாம நல்லது செஞ்சுட்டுப் போயிருக்காரு. போயி எழுதிக் குடுத்து வாங்கிக்கினு வாங்க."

வியாழக்கிழமை மையம் திறக்கும்போதே பலராமன் வாசலில் நின்றார். சீட்டை வாங்கி, பேனாவைத் திறந்து, உறவுக் கட்டத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுதினார். முதல் எதிரி. 1992. தந்தை. எழுத்து கோணவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எழுத்து கோணாது.

முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள் இருந்தன.

ஆர்த்தி அமுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முதல் எதிரி. ஒருவர் வரப்பை வெட்டியிருந்தார். ஒருவர் மைத்துனனைக் கடப்பாரையால் அடித்திருந்தார். ஒருவர் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டரின் காதைக் கடித்திருந்தார். யாருக்கும் பெயரில்லை. ஒவ்வொருவரும் வந்தபோது பலராமன் காதைக் கொடுத்துக் கேட்டார், இவரோ, இவர்தானோ என்று. நூற்றைம்பதாவது இடத்தில் இயக்குநர் போன் பேசினார். முதலிலிருந்து தொடங்கினார்கள். இருநூற்றுப் பத்தில் மறுபடியும் பேசினார். மூன்றாவது முறை தொடங்கியபோது பச்சையம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்து, உள் அறை வாசலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, தன் கதையை முதலிலிருந்து இயக்குநருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் போனை எடுக்கவே முடியவில்லை.

மதியம் மூன்று மணிக்கு, இருநூற்று எண்பத்தேழாவது இடத்தில், ஆர்த்தியின் குரல் மாறியது.

"'ஏரிச் சங்க முறைப் பதிவேட்டில் காணும் சர்ச்சைக்குரிய எழுத்து முதல் எதிரியின் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளது. முதல் எதிரி கண்ணியமான மனிதர் என்பதை இந்த நீதிமன்றம் பதிவு செய்ய விரும்புகிறது. முதல் எதிரி குற்றவாளி அல்ல என முடிவு செய்து விடுதலை செய்கிறேன்.'"

கண்ணியமான மனிதர். நீதிமன்றத்தில் அப்படிச் சொன்னார்கள் என்று ஆதிமூலம் வீட்டில் சொன்னதே இல்லை. பலராமன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் காலம் இன்னும் தொடங்கவில்லை.

அச்சடித்த தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனார். சக்கரவர்த்தி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"நல்ல தீர்ப்பு. ஆனா இதுல உங்கப்பா பேரு எங்க?"

"முதல் எதிரின்னு இருக்குதே, அதான் எங்கப்பா."

"அது நீங்க சொல்றது. தாள் சொல்லல."

"வழக்கு நம்பரைப் பாருங்க."

"நம்பரு முதல் பக்கத்துலதான் இருக்கும். இது முதல் பக்கம் இல்லியே."

"முதல் பக்கமும் உங்க மெஷினுலதாங்க இருக்குது. எங்கப்பா பேரு போட்டு வந்துச்சே. ரெண்டையும் சேத்து ஒரே வழக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

சக்கரவர்த்தி வருத்தத்தோடு தலையாட்டினார். விவரம் தெரியாத குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார். "அது ஒரு தேடல்ல வந்துச்சு, இது இன்னொரு தேடல்ல வந்துச்சு. ஒரு தேடல், ஒரு ஆவணம். ரெண்டு தேடல், ரெண்டு ஆவணம். ரெண்டையும் சேக்கற அதிகாரம் மனுஷனுக்குக் கிடையாது. மனுஷன் தப்பு பண்ணுவான்னுதானே மெஷினு வாங்கினோம்?"

பலராமன் நின்றுகொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்து இயக்குநருக்கே மனம் இளகியிருக்க வேண்டும்.

"இருங்க, ஒரு வழி இருக்குது. உங்க கல்லுல இருக்கற பேருக்கு நாப்பத்து மூணு குத்தம் இருக்குது. இந்தத் தாள்ல இருக்கறவரு மேல ஒரு குத்தமும் இல்ல, கண்ணியமான மனிதருன்னே கோர்ட்டு சொல்லுது. அப்ப கல்லுல இவரு பேரைப் போட்டுடுங்க. 'முதல் எதிரி நினைவு வகுப்பறைகள்'. நான் இப்பவே ஆட்சேபணை இல்லைன்னு சான்று குடுத்துடறேன். நாளைக்கே தெறந்துடலாம்."

அவர் கேலி செய்யவில்லை. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

பலராமன் அந்தப் பேனாவைக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். சக்கரவர்த்தி, ஒப்புக்கொண்டார் என்று நினைத்துக் கொடுத்தார். பலராமன் தாளை மேசைமேல் விரித்து, கடைசி வரியில் 'முதல் எதிரி' என்பதற்கு முன்னால் இருந்த இடத்தில், ஒரு பெயரை எழுதினார். ஆதிமூலம். தன் தகப்பனார் செய்யவில்லை என்று இரண்டு வருடம் நீதிமன்றத்தில் நின்று நிரூபித்த அதே காரியத்தை, முதுகை வளைக்காமல், இயக்குநரின் கண்ணெதிரே, நல்ல எழுத்தில் செய்தார்.

"இப்ப பேரு இருக்குது" என்றார்.

தொண்ணூறு நாளில் நடக்கும் அலுவலகம் ஒன்பது நிமிடத்தில் நடந்தது. சக்கரவர்த்தி மணியடித்தார். மூன்று பேர் ஓடிவந்தார்கள். தாள் உறையில் வைத்து அரக்கிடப்பட்டது. நீதிமன்ற ஆவணத்தில் பெயர் புகுத்தியதாகப் புகார் எழுதப்பட்டது. போன் உடனே கிடைத்தது. போலீஸ்காரர் வரும்வரை பலராமன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். பச்சையம்மாள் கடலைப் பொட்டலத்தை அவர் பையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜாமீனில் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை திறப்பு விழா நடக்கவில்லை. பந்தல்காரன் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனான். கல் துணிக்குள் இருந்தது. ஊர் சும்மா இருக்குமா? "அப்பன் பண்ணலன்னு வுட்டாங்க, புள்ளை பண்ணியே காட்டிட்டான்" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னது பலராமன் காதுக்கே வந்தது. அவர் ஏரிக்கரைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஜோதியம்மாள் வேகமாக வந்தார். இந்த முறை சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, வேங்கிக்கால்லேருந்து கடுதாசி. கல்லு தெறக்கலாமாம்!"

நடந்தது இதுதான். பலராமன் மேல் போட்ட வழக்கும் விதிப்படி நீதிச்சுடரில் ஏற்றப்பட்டது. வழக்கோடு சான்று ஆவணமும் எழுத்து மாறாமல் தட்டச்சு செய்யப்பட வேண்டும் என்பது விதி. அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவள் ஆர்த்தி. எழுத்து மாறாமல் செய்தாள். அச்செழுத்து எது, பேனா எழுத்து எது என்று குறிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லாததால் அவள் குறிக்கவில்லை. அடுத்த முறை வழக்கமான மறுதேடல் நடந்தபோது, கணினி தன் நேர்மை மாறாமல் அறிக்கை கொடுத்தது. ஜோதியம்மாள் அதை உரக்கப் படித்தார்.

'ஆதிமூலம்: 44 இடங்கள். கடைசியாகக் கிடைத்த இடம்: ஆதிமூலம் முதல் எதிரி குற்றவாளி அல்ல என முடிவு செய்து விடுதலை செய்கிறேன். கடைசி இடமே இறுதி நிலையாகக் கொள்ளப்படும். ஆட்சேபணை இல்லை. ஒப்பம், சக்கரவர்த்தி, இயக்குநர்.'

சரசு சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலராமன் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். பிறகு அதன் கீழே இருந்த வரியையும் படித்தார். ஜோதியம்மாள் அதைப் படிக்காமல் விட்டிருந்தார். 'நன்கொடையாளர் மகன் பலராமன் என்ற பெயரும் தேடப்பட்டது. 1 இடம். குற்றம் தொடர்பானது. விழா மேடையில் அமர அனுமதி இல்லை.'

"பதினாலாம் தேதி வெச்சிருக்காங்க, காலையில பத்தரை மணிக்கு" என்று மட்டும் சொன்னார் ஜோதியம்மாள்.

"அன்னைக்கு எனக்கு வாய்தா இருக்குது டீச்சரம்மா. எப்படியும் வர முடியாது."

பதினாலாம் தேதி காலை சரசு பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். கல்லைத் திறக்கிறவள் அவள்தான். "மைக்கைக் குடுத்துக் கல்லுல இருக்கறதைப் படிக்கச் சொல்லுவாங்களாமே. பேரை எப்படிங்க சொல்றது?"

"நீ சொல்லாத. கல்லுலதான் இருக்குதே. துணியை மட்டும் எடு."

பத்தரை மணிக்குப் பலராமன் நீதிமன்ற வராந்தாவில் நின்றிருந்தார். தகப்பனார் நின்ற அதே வராந்தா. உள்ளேயிருந்து டவாலிச் சேவகன் வெளியே வந்து கையிலிருந்த தாளைப் பார்த்தான். பெயரைக் கூப்பிடச் சோம்பேறித்தனம்.

"முதல் எதிரி!"

பலராமன் மேல்துண்டை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கூண்டில் ஏறி நிமிர்ந்து நின்றார்.

"இந்தத் தாளில் ஒரு பெயரைப் புகுத்தியதாக உங்கள் மேல் குற்றச்சாட்டு. நீங்கள்தான் எழுதினீர்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"நான்தாங்க எழுதினேன். எங்கப்பா பேரு."

நீதிபதி ஏதோ குறித்துக்கொண்டார். தீர்ப்புக்கு வேறு தேதி சொன்னார். பலராமன் கூண்டிலிருந்து இறங்காமல் நின்றார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். தீர்ப்பு எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு நகல் வேணுங்க. முழுசா வேணும். முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், தெச்சு."

கீழே மேசையில் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். "நகலெல்லாம் நிறுத்தியாச்சு பெரியவரே. இனிமே எல்லாம் வேங்கிக்கால்லதான். சீட்டு எழுதிக் குடுத்தாத் தேடித் தருவாங்க." அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "இன்னா எழுதிக் குடுத்துத் தேடணும்னு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் பலராமன்.